நிக்கான் எஃப் மவுன்ட் லென்ஸ்களை இசட் கேமராவில் பயன்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக நிக்கான் டி.எஸ்.எல்.ஆர் அல்லது ஃபிலிம் கேமரா வைத்திருந்து, இப்போது இசட் வரிசை மிரர்லெஸ் கேமராவுக்கு மாற எண்ணுபவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. கையில் இருக்கும் லென்ஸ் புதிய கேமராவில் பொருந்துமா என்று மட்டும் கேட்பது போதாது. பொருந்திய பிறகு அதன் எந்தெந்த வேலைகள் தொடரும், எவை நின்றுபோகும் என்பதையும் கேட்க வேண்டும். அந்தப் பதில் லென்ஸின் வகையைப் பொறுத்தது. ஆகவே வகையை முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு அடாப்டரையும் கேமராவையும் தேர்ந்தெடுப்பதே முறை.

பழைய லென்ஸ் புதிய கேமராவில் பொருந்துவது எப்படிச் சாத்தியமாகிறது?

லென்ஸ் வந்து அமரும் உலோக வளையத்துக்கும் சென்சாருக்கும் (முன்பு ஃபிலிமுக்கும்) இடையே உள்ள தொலைவு ஒவ்வொரு மவுன்ட்டுக்கும் நிலையானது. 1959-இல் நிக்கான் எஃப் கேமராவுடன் வந்த எஃப் மவுன்ட்டில் அந்தத் தொலைவு 46.5 மி.மீ.; உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி (மிரர்) மேலும் கீழும் அசைய இடம் வேண்டியிருந்ததால் அவ்வளவு ஆழம் தேவைப்பட்டது. 2018-இல் இசட் 6, இசட் 7 ஆகியவற்றுடன் வந்த இசட் மவுன்ட்டில் கண்ணாடியே இல்லாததால், அந்தத் தொலைவு 16 மி.மீ. ஆகக் குறைந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள 30.5 மி.மீ. இடைவெளியைச் சரியாக நிரப்பும் ஒரு குழாய் இருந்தால், பழைய லென்ஸ் தான் வடிவமைக்கப்பட்ட அதே தொலைவில் நின்று படத்தை வரையும். அந்தக் குழாய்தான் அடாப்டர்.

இதில் நிக்கான் பயனர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. பரவலாகப் புழங்கிய 35 மி.மீ. எஸ்.எல்.ஆர் மவுன்ட்களில் எஃப் மவுன்ட்டின் தொலைவு மிக நீண்டவற்றுள் ஒன்று என்பதால், பிற நிறுவனங்களின் லென்ஸ்களை நிக்கான் உடலில் பொருத்தினால் தொலைதூரப் பொருள்கள் தெளிவாக விழுவதில்லை. இசட் மவுன்ட்டின் ஆழம் மிகக் குறைவு என்பதால் அந்தத் தடை நீங்கிவிட்டது.

அடாப்டரால் படத்தின் தரம் குறையுமா?

எஃப் லென்ஸை இசட் உடலில் பொருத்த நிக்கானே செய்யும் எஃப்.டி.இசட் அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை. உள்ளே இருப்பது காற்றுவெளியும், மின் இணைப்புகளும், அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) இயக்கும் ஒரு சிறு பொறியும் மட்டுமே. எனவே ஒளி வழியில் எதுவும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. படத்தில் தெரியும் குறைகள் லென்ஸினுடையவை. 12 மெகாபிக்சல் கேமராவில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஓரத் தெளிவின்மையும் நிறக்கசிவும் 45 மெகாபிக்சல் சென்சாரில் வெளிப்படையாகத் தெரியும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

தர வேறுபாடு தோன்றும் ஓர் இடம் உண்டு. மலிவான அடாப்டர்களின் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். சில தயாரிப்பாளர்கள் தொலைதூரத் தெளிவு கிடைக்காமல் போய்விடக்கூடாது என்பதற்காக அடாப்டரை வேண்டுமென்றே சற்று மெல்லியதாகச் செய்கிறார்கள். அப்போது ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியைத் தாண்டியும் திரும்பும், லென்ஸில் பொறித்த தூர அளவுகளை நம்ப முடியாது. சாதாரண லென்ஸ்களில் இது பெரிய இழப்பு அல்ல. ஆனால் அண்மையில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழுக்கள் தனித்தனியே நகரும்படி வடிவமைக்கப்பட்ட அகலக்கோண லென்ஸ்களில், இந்தச் சிறு பிழைகூட ஓரங்களைக் கெடுக்கும்.

என்னிடம் இருப்பது எந்த வகை லென்ஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்மூடியைக் கழற்றி, லென்ஸின் பின்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று அடையாளங்கள் போதும்.

முதலாவது, உள்விளிம்பில் வரிசையாகச் சிறு பொன்னிறப் புள்ளிகள் இருக்கின்றனவா என்பது. அவை மின் இணைப்புகள். இருந்தால் லென்ஸுக்குள் சிப் இருக்கிறது என்று பொருள். இரண்டாவது, உலோக வளையத்திலேயே, ஸ்க்ரூ டிரைவரின் முனை நுழையும் அளவில் ஒரு சிறிய பள்ளத்தண்டு தெரிகிறதா என்பது. தெரிந்தால், அந்த லென்ஸின் ஃபோகஸைச் சுழற்றும் மோட்டார் லென்ஸில் இல்லை, கேமரா உடலிலிருந்து வர வேண்டும். மூன்றாவது, லென்ஸின் மேல் எண்கள் பொறித்த அப்பர்ச்சர் வளையம் இருக்கிறதா என்பது.

புள்ளிகள் இல்லாமல் வளையம் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஏ.ஐ (வளையத்தின் நிலையைக் கேமராவுக்குத் தானாகவே தெரிவிக்கும் முறை), ஏ.ஐ-எஸ் போன்ற கைமுறை லென்ஸ். புள்ளிகள், பள்ளத்தண்டு, வளையம் மூன்றும் இருந்தால் ஏ.எஃப் அல்லது ஏ.எஃப்-டி. புள்ளிகள் இருந்து பள்ளத்தண்டு இல்லாவிட்டால் அது பெரும்பாலும் ஏ.எஃப்-எஸ் அல்லது ஏ.எஃப்-பி ஆக இருக்கும். பெயரின் இறுதியில் ஜி என்றிருந்தால் வளையம் நீக்கப்பட்டு, அப்பர்ச்சர் இன்னும் நெம்புகோலால் இயங்குகிறது. இ என்றிருந்தால் அப்பர்ச்சரும் மின்சாரத்தால் இயங்குகிறது. பள்ளத்தண்டு இருந்து வளையம் மட்டும் இல்லாத ஜி லென்ஸ்களும் சில உண்டு என்பதால், பெயரை மட்டும் படித்து முடிவு செய்யாமல் பின்புறத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

ஏ.எஃப்-எஸ், ஏ.எஃப்-பி லென்ஸ்கள் முழுமையாக வேலை செய்யுமா?

ஆம். எஃப்.டி.இசட் வழியாகத் தானியங்கி ஃபோகஸ், எல்லா எக்ஸ்போஷர் முறைகள், படத்துடன் சேமிக்கப்படும் லென்ஸ் விவரங்கள் ஆகிய அனைத்தும் கிடைக்கும். 50 மி.மீ. எஃப் 1.8ஜி, 70-300 ஏ.எஃப்-பி, 200-500 எஃப் 5.6இ போன்றவை வைத்திருப்பவர்கள் எதையும் உடனே மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

சொல்லப்போனால் ஒரு பழைய தலைவலி இதனால் தீர்கிறது. டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸை அளக்கும் உணரி ஒரு தனி வழியில், கண்ணாடிக்குக் கீழே இருந்தது. அந்த வழிக்கும் சென்சாருக்கும் இம்மியளவு வேறுபாடு இருந்தாலும், கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதில் போய் விழும். 85 மி.மீ. எஃப் 1.4 போன்ற லென்ஸ்களை வைத்துக்கொண்டு, அளவுகோலைச் சாய்த்து வைத்துத் திருத்தம் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மிரர்லெஸ் கேமரா படம் பதியும் சென்சாரிலேயே ஃபோகஸை அளப்பதால், அந்த வகைப் பிழைக்கு இடமே இல்லாமல் போகிறது. பழைய உடலில் நம்பிக்கை இழந்து ஒதுக்கிவைத்த பெரிய அப்பர்ச்சர் லென்ஸ் உங்களிடம் இருந்தால், அதை விற்கும் முன் ஒரு முறை இசட் உடலில் பொருத்திப் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

என் 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யவில்லை. அடாப்டர் பழுதா?

பழுது அல்ல. முன்பு சொன்ன பள்ளத்தண்டைச் சுழற்ற ஒரு மோட்டார் வேண்டும், எஃப்.டி.இசட் அடாப்டரிலும் அது இல்லை, இசட் உடல்களிலும் இல்லை. 2006-இல் வந்த டி40 தொடங்கி, டி3000, டி5000 வரிசைக் கேமராக்களிலும் அந்த மோட்டார் இருந்ததில்லை என்பதால், அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு இது புதிய குறை அன்று. டி90, டி7000, டி750 போன்றவற்றிலிருந்து வருபவர்களுக்குத்தான் உண்மையான இழப்பு. 85 மி.மீ. எஃப் 1.8டி, 180 மி.மீ. எஃப் 2.8டி, 80-200 எஃப் 2.8டி போன்ற சிறந்த லென்ஸ்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் அடங்கும். இரண்டாம் முறை வந்த எஃப்.டி.இசட் II அடாப்டரிலும் மோட்டார் சேர்க்கப்படாதது, அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே மவுன்ட்டைக் காத்துவந்த நிறுவனத்திடம் பலர் எதிர்பார்த்திராத முடிவு. அந்த ஏமாற்றம் எனக்கும் உண்டு.

ஆனால் ஃபோகஸ் தவிர மற்றவை எல்லாம் தொடர்கின்றன. அப்பர்ச்சர் வளையத்தை மிகச் சிறிய துளைக்குரிய எண்ணில், பெரும்பாலும் 16 அல்லது 22-இல், வைத்துப் பூட்டிவிட்டால், அப்பர்ச்சரைக் கேமராவின் சக்கரத்திலிருந்தே மாற்றலாம். கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது, தேர்ந்தெடுத்த புள்ளியில் ஃபோகஸ் சரியாக அமைந்ததும் வ்யூஃபைண்டரில் அந்தப் புள்ளியின் கட்டம் பச்சையாக மாறும். நிதானமாக எடுக்கும் உருவப்படங்களுக்கும் நிலக்காட்சிக்கும் இது போதும். கல்யாண வீட்டில் ஓடியாடி எடுப்பவர்களுக்கும், பறவைகளை எடுப்பவர்களுக்கும் போதாது. அவர்கள் டி லென்ஸை விற்று, ஏ.எஃப்-எஸ் அல்லது இசட் லென்ஸ் வாங்குவதே சரி.

அப்பா காலத்துக் கைமுறை லென்ஸ் இருக்கிறது. அதை வைத்து எப்படி எடுப்பது?

1977-க்குப் பின் வந்த ஏ.ஐ, ஏ.ஐ-எஸ் லென்ஸ்கள் எஃப்.டி.இசட் அடாப்டரில் சிக்கலின்றிப் பொருந்தும். அவற்றில் சிப் இல்லாததால், லென்ஸ் எது என்பதைக் கேமராவுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். மெனுவில் சி.பி.யு. (சிப்) இல்லாத லென்ஸ்களுக்கான பகுதிக்குச் சென்று, ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, குவியத் தூரத்தையும் மிகப் பெரிய அப்பர்ச்சரையும் பதிந்துவையுங்கள், 105 மி.மீ. எஃப் 2.5 என்றால் 105, 2.5 என்று. இதைத் தவிர்த்துவிடாதீர்கள். உடலில் உள்ள அதிர்வுத் தடுப்பு, எவ்வளவு ஈடுசெய்ய வேண்டும் என்பதைக் குவியத் தூரத்தைக் கொண்டே கணக்கிடுகிறது, 28 மி.மீ. லென்ஸுக்காகப் பதிந்ததை மாற்றாமல் 200 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் அசைவு சரியாகத் தடுக்கப்படாது.

எக்ஸ்போஷர் முறையை ஏ (அப்பர்ச்சரை மட்டும் நீங்கள் தேர்வது) அல்லது எம் (எல்லாவற்றையும் கையால் வைப்பது) என்பதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பர்ச்சரை லென்ஸின் வளையத்தில்தான் மாற்ற வேண்டும். வளையத்தை 8-க்குத் திருப்பினால் உள்ளே இதழ்கள் உடனே அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். பழைய ஃபிலிம் கேமராவில் அப்படியானால் வ்யூஃபைண்டர் இருண்டுபோகும். இசட்டின் மின்னணு வ்யூஃபைண்டரோ பிரகாசத்தைத் தானே ஈடுசெய்து, அந்த அப்பர்ச்சரில் எவ்வளவு ஆழம் தெளிவாக இருக்கும் என்பதையும் அப்படியே காட்டும். படத்தின் விவரங்களில் உண்மையான அப்பர்ச்சர் எண் பதிவாகாது என்பதால், அது பின்னர் தேவைப்படுபவர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபோகஸுக்கு இரண்டு உதவிகள் உண்டு. தெளிவான விளிம்புகளின் மேல் வண்ணக் கோடு தோன்றும் பீக்கிங் முறை வேகமானது, ஆனால் பெரிய அப்பர்ச்சரில் அது தோராயமே. கண்ணிமையில் சிவப்பு மின்னினாலும் தெளிவு புருவத்தில் இருக்கக்கூடும். பார்வையைப் பெரிதாக்கி, இமை முடிகள் தனித்தனியாகப் பிரியும் நொடிவரை வளையத்தை மெல்லத் திருப்புவதே நம்பகமான வழி. அதற்காக, கேமராவின் முன்புறப் பொத்தான்களில் ஒன்றைப் பெரிதாக்கும் வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். பொதுவாக லென்ஸை முழுதும் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு வளையத்தைத் தேவையான எண்ணுக்கு மூடலாம். சில பெரிய அப்பர்ச்சர் லென்ஸ்களில் மூடும்போது ஃபோகஸ் சற்றே நகரும். அவற்றில் மட்டும் படம் எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்ய வேண்டும். 2023-இல் வந்த இசட் எஃப் உடலில், கையால் ஃபோகஸ் செய்யும்போதும் முகத்தையும் கண்ணையும் கேமரா கண்டறிந்து அந்த இடத்தையே பெரிதாக்கிக் காட்டுகிறது. கைமுறை லென்ஸ்களையே பெரிதும் பயன்படுத்தப்போகிறவர்களுக்கு அந்த ஒரு வசதிக்காகவே அதைப் பரிந்துரைப்பேன்.

1977-க்கு முந்தைய லென்ஸ்கள்?

ஏ.ஐ. மாற்றம் செய்யப்படாத லென்ஸ்களைப் பயன்படுத்தக்கூடாதவை என்றே நிக்கான் குறிப்பிடுகிறது. அந்தக் காலத்திலேயே ஏ.ஐ. வளையம் மாற்றிப் பொருத்தப்பட்ட லென்ஸ்கள் உண்டு, அவை பிரச்சினையற்றவை. மற்றவற்றுக்கு, மின் இணைப்பு இல்லாத வெறும் குழாய் அடாப்டரே பாதுகாப்பானது.

எஃப்.டி.இசட், எஃப்.டி.இசட் II: எதை வாங்குவது?

வேலை செய்யும் முறையில் இரண்டும் ஒன்றே. 2018-இல் வந்த முதலாவதில், அடியில் ட்ரைபாட் திருகு உள்ள ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருக்கும். செங்குத்துப் பிடி உள்ள உடல்களிலும், சில ட்ரைபாட் தட்டுகளிலும் அது இடிக்கும். 2021-இல் இசட் 9 உடன் வந்த இரண்டாவதில் அந்தப் பாதம் நீக்கப்பட்டது. பெரும்பாலோருக்கு இரண்டாவதே வசதி. ஆனால் 180 மி.மீ. எஃப் 2.8 போல, கனமாக இருந்தும் தனக்கென்று ட்ரைபாட் பட்டை இல்லாத லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு முதலாவதின் பாதம் எடையைச் சமநிலையில் தாங்க உதவும். 200-500 போன்ற பெரிய லென்ஸ்களை எப்போதும் லென்ஸின் பட்டையில் பிடித்தே தாங்க வேண்டும்; உடலை மட்டும் ட்ரைபாடில் மாட்டி, லென்ஸை முன்னால் தொங்கவிடுவது அடாப்டரின் இரு மவுன்ட்களையும் வருத்தும்.

டி.எக்ஸ். (சிறிய சென்சாருக்கான) லென்ஸ்களை முழுச் சட்டக (பெரிய, 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) உடலில் போடலாமா?

போடலாம். கேமரா தானாகவே படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் இசட் 6-இல் அது சுமார் 10 மெகாபிக்சலாகவும், 45 மெகாபிக்சல் இசட் 7-இல் சுமார் 19 மெகாபிக்சலாகவும் சுருங்கும். டி.எக்ஸ். லென்ஸ்களே அதிகம் இருந்தால் இசட் 50 போன்ற டி.எக்ஸ். உடல் பொருத்தம், அதில் உடல் வழி அதிர்வுத் தடுப்பு இல்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

அதிர்வுத் தடுப்பு இல்லாத பழைய லென்ஸுக்கு உடலின் உதவி கிடைக்குமா?

இசட் 5, இசட் 6, இசட் 7 போன்ற உடல்களில் கிடைக்கும். இசட் லென்ஸ்களுக்கு ஐந்து அச்சுகளில் இயங்கும் சென்சார், அடாப்டர் வழியாக வரும் லென்ஸ்களுக்கு மூன்று அச்சுகளில் இயங்கும். மங்கிய மாலை வெளிச்சத்தில் 50 மி.மீ. அல்லது 85 மி.மீ. பழைய லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது, இது முன்பு கிடைத்திராத வசதி.

சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள்?

மோட்டார் உள்ள பல லென்ஸ்கள் வேலை செய்கின்றன. ஆனால் பிற நிறுவன லென்ஸ்களுக்கு நிக்கான் உறுதி தருவதில்லை. லென்ஸின் ஃபர்ம்வேரை (உள்ளே இயங்கும் மென்பொருளை) புதுப்பித்த பிறகு சரியாக இயங்கத் தொடங்கியவை உண்டு. சிக்மாவுக்கு யு.எஸ்.பி. டாக், டாம்ரானுக்கு டாப்-இன் கன்சோல் என்ற துணைக்கருவிகள் அதற்குத் தேவை. உங்கள் உடலில் பொருத்திப் பார்க்காமல் இந்த வகையில் பழைய லென்ஸ் எதையும் வாங்காதீர்கள்.

மின் இணைப்பு இல்லாத மலிவான அடாப்டர் போதாதா?

அப்பர்ச்சர் வளையம் உள்ள கைமுறை லென்ஸுக்குப் போதும். ஜி லென்ஸுக்கு, நெம்புகோலைத் தள்ளும் தனி வளையம் அடாப்டரிலேயே இருக்க வேண்டும். அதில் எண்கள் இருக்காது, கண் மதிப்பில் மூட வேண்டியதுதான். இ லென்ஸில் மின்சாரம் இல்லாமல் அப்பர்ச்சரைச் சுருக்கவே இயலாது.

வேறு நிறுவனங்களின் பழைய லென்ஸ்களையும் இசட் உடலில் பொருத்தலாமா?

கணக்கு அதேதான். எம்42 திருகு மவுன்ட்டின் தொலைவு 45.46 மி.மீ., கேனான் இ.எஃப். 44 மி.மீ., கேனான் எஃப்.டி. 42 மி.மீ., லைக்கா எம் 27.8 மி.மீ., சோனி இ 18 மி.மீ. இவை அனைத்தும் 16 மி.மீ.-ஐ விட அதிகம் என்பதால் எல்லாவற்றுக்கும் அடாப்டர் செய்ய முடியும். சோனி லென்ஸுக்கான அடாப்டரின் தடிமன் வெறும் 2 மி.மீ.தான். கேனான் இ.எஃப். லென்ஸில் அப்பர்ச்சர் மின்சாரத்தால் இயங்குவதால், அதற்கு மின்னணு அடாப்டர் கட்டாயம்.

லைக்கா எம் வகை அகலக்கோண லென்ஸ்களில் மட்டும் கவனம் தேவை. அவற்றின் பின்பகுதி சென்சாருக்கு மிக அருகில் வந்து, ஓரங்களில் ஒளியைச் சாய்வாக வீசும்; சென்சாரின் மேல் உள்ள கண்ணாடி அடுக்கு அந்தச் சாய்ந்த ஒளியைக் கலைப்பதால் மூலைகள் கரைந்தது போலத் தெரியும். எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் அசையும் கண்ணாடிக்கு இடம் விட்டு வடிவமைக்கப்பட்டவை என்பதால் அவற்றில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

பயன்படுத்திய பழைய லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் முதல் எதிரி பூஞ்சை. அப்பர்ச்சரை முழுதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகச் செலுத்தி, முன்பக்கத்தில் இருந்து பாருங்கள்; சிலந்திவலை போன்ற நூல்கள் தெரிந்தால் வாங்க வேண்டாம். ஓரிரு தூசித் துகள்கள் படத்தில் தெரியாது, அவற்றுக்காக ஒரு நல்ல லென்ஸைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அடுத்து, பின்புற நெம்புகோலை விரலால் தள்ளி விடுங்கள். இதழ்கள் சட்டென்று துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது. எம்42 வகையில், ஏழு கண்ணாடிகள் கொண்ட சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 போன்ற சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது காலப்போக்கில் மஞ்சளாகும். புற ஊதா ஒளியில் சில நாள்கள் வைத்தால் பெருமளவு தெளியும்.

வாங்கிய லென்ஸைத் தோல் பையில் மூடி அலமாரியில் வைக்காதீர்கள். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்கும் டிரை கேபினட்டிலோ, சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப்புகாத டப்பாவிலோ வைத்து, ஜெல்லை அவ்வப்போது உலர்த்துங்கள்.

இசட் லென்ஸைப் பழைய டி.எஸ்.எல்.ஆரில் பொருத்த அடாப்டர் உண்டா?

இல்லை. 16 மி.மீ. தொலைவுக்கான லென்ஸை 46.5 மி.மீ. ஆழமுள்ள உடலில் எந்தக் குழாயாலும் அருகே கொண்டுவர முடியாது.

அடாப்டரை உடலிலேயே விட்டுவிடலாமா, லென்ஸுடன் வைக்க வேண்டுமா?

எஃப் லென்ஸ்களை மட்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் உடலிலேயே விட்டுவிடலாம். அப்போது இசட் மவுன்ட் திறக்கப்படாமல் சென்சாரும் ஓரளவு தூசியிலிருந்து காக்கப்படும். இசட் லென்ஸ்களும் வைத்திருப்பவர்கள், அதிகம் பயன்படுத்தும் எஃப் லென்ஸுடன் அடாப்டரைச் சேர்த்து ஒரே துண்டாகவே கழற்றிப் பொருத்துவது விரைவானது. இதற்காக இசட் வகைப் பின்மூடி ஒன்றைத் தனியாக வாங்கி அடாப்டரின் பின்னால் போட்டுவையுங்கள். எப்படி வைத்தாலும், கழற்றும் முன் கேமராவை அணைத்துவிடுங்கள். அடாப்டரிலும் உடலிலும் தனித்தனி விடுவிப்புப் பொத்தான்கள் இருப்பதால், எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்பதைப் பார்த்து, மறுகையால் லென்ஸைத் தாங்கிக்கொண்ட பிறகே திருப்புங்கள்.